கைப்பிடி அரிசி நோட்டு

ஜனவரி 8, 2023, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த புது டைரி. முதல் பக்கத்தில் ஸ்தோத்திரம் எழுதித் தொடங்க வேண்டும் என்று ஒரு வாரமாகப் பொத்தி வைத்திருந்தேன். இன்றைக்குக் கோபத்தோடு தொடங்குகிறேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் சபைச் செயலாளர் வேதமாணிக்கம் அண்ணாச்சி எழுந்தார். கண்ணுக்குக் கீழே முழுக்க மாஸ்க். "சீனாவுல தொத்து மறுபடியும் கூடுது. அதனால மே மாச அசனம் இந்த வருசமும் பொட்டலமா வீட்டுக்கு வந்துரும். யாரும் கூடண்டாம்" என்றார். சொல்லிவிட்டுத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். அவ்வளவுதான்.

நாலாவது வருஷம். 2020இல் சர்க்கார் உத்தரவு. 2021இல் கல்லறைத் தோட்டத்துக்கே ஆள் போதவில்லை. அது சரி. போன வருஷம் நிறுத்தியது இவர். இந்த வருஷம் நிறுத்துவதும் இவர். சாத்தான்குளம் பஸ்ஸில் முதுகும் நெஞ்சும் ஒட்டித்தான் போய் வருகிறோம். ஜவுளிக்கடையில் கால் வைக்க இடமில்லை. கிருமிக்குக் கிருபைவிளைக் கோயில் ஒன்றுதான் வழி தெரியும் போலிருக்கிறது.

முப்பது வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஊரில் பேரே சானிட்டரி. யாரைக் கண்டாலும் முதல் கேள்வி, "கையக் கழுவியாச்சா?"

மகள் பிளெசி பிற்காலத்தில் இதை வாசித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைப்போம். சனிக்கிழமைதோறும் நான் பையோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி நோட்டில் எழுதுவேன். நாற்பத்துமூன்று வீடு. இருபத்தோரு வருஷம். ஊரடங்கு பூட்டிய நாள் தவிர ஒரு சனிக்கிழமை நானாகத் தவறியதில்லை. அந்த அரிசியில்தான் மே மாதம் அசனம், சபை முழுக்கக் கூடித் தின்னும் விருந்து, பொங்குவது. முதல் பந்தியின் முதல் வரிசை துக்க இலை. முந்தின அசனத்துக்குப் பின் சாவு விழுந்த வீடுகளை நான் நோட்டைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். எந்தத் தேதியில் சாவு, எந்த வாரம் செத்தவர் பங்கு அரிசி நின்றது என்று வாசிப்பேன். அவர்கள் வந்து உட்கார்ந்து, சபை முழுக்கப் பார்த்திருக்க, முதல் சோறு தின்று எழுந்தால் துக்கம் தீர்ந்தது. அதற்குப் பின்தான் கலர்ச் சேலை, கல்யாண வீடு, சிரிப்பு எல்லாம்.

கடைசி அசனம் 2019. அதற்குப் பின் ஒன்பது வீடு காத்திருக்கிறது. அதில் ஒன்று என் வீடு. என் வீட்டுக்காரர் ஜெயசிங் இறந்து, வருகிற மே ஒன்பதோடு இரண்டு வருஷம். அவிய பங்குக்கும் இன்னும் ஒரு கைப்பிடி எடுத்துப் போடுகிறேன். துக்க இலையில் உட்காரும் வரை நிறுத்த எனக்கு மனசில்லை. பொட்டலத்தை வாங்கி யார் முன்னால் உட்கார்ந்து தின்பது?

பிளெசி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். "அம்மா, நீயா ஒரு கலர்ச் சேலையக் கட்டேன். யாரு கேக்கப் போறா?"

"கேக்காட்டாலும் எனக்குத் தெரியும்லா" என்றேன்.

அந்த மனிதரைச் சும்மா விடப் போவதில்லை.

அரிசி: இரண்டு கைப்பிடி.


ஜனவரி 14, சனி

பொங்கல் கூட்டம். பஜாரில் கரும்பு வாங்குகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை.

அரிசி எடுக்கப் போன வீடெல்லாம் இதே பேச்சு. மேலத்தெருவில், "ரேசன் கடையில நிக்கலாம், எலக்சன் வரிசையில நிக்கலாம், இலைக்கு முன்னால உக்காந்தாத்தான் செத்துருவோமாக்கும்" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

லீதியாக்கா வீட்டில் வழக்கம்போல உட்கார்ந்து கைபிடித்து ஜெபித்தேன். அவள் மகன் ஸ்டான்லியும் அதே 2021 மே மாதம் போனான். முப்பத்தொரு வயது. அவன் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

"ஏ ஞானம், அந்தச் சானிட்டரிக்கு என்னதாம்ட்டி வேணும்? எம் புள்ள பேரச் சொல்லி நாலு பேருக்கு முன்னால நான் ஒரு வாய் திங்கண்டாமா?"

"அவருக்கு நம்ம சாவெல்லாம் கணக்குல வராதுக்கா."

"இத இந்த ஊருக்குள்ள கொண்டாந்தது ஒரு ஆளுதான. எங்கயோ வாங்கி, எம் புள்ள தலையில இறக்கி வச்சிருக்கு. யாருன்னு தெரியட்டும், கொடல உருவி வேலியில காயப் போடுதேன்."

எனக்குள் ஒன்று சட்டென்று பிடிபட்டது. "அப்பம் வீடு வீடாப் போனது யாருக்கா? தெர்மாமீட்டர் துப்பாக்கிய நெத்திக்கு நேர நீட்டிக்கிட்டு?" என்றேன்.

லீதியாக்கா என்னையே பார்த்தாள். "அவனா?"

"நான் சொல்லல. யாருன்னு உறுதியாத் தெரியுத அன்னைக்கு, நானே ஒங்க கையில ஒப்புக்குடுக்கேன். இது பொருத்தனை."

"ஆமென்" என்றாள். நானும் ஆமென் சொன்னேன்.


ஜனவரி 21, சனி

கோயில் துப்புரவு என் முறை. தரையில் ஆள் தள்ளி உட்கார என்று அவர் மஞ்சள் பெயிண்டில் போட்ட வட்டம் மொத்தம் அறுபத்துநாலு. பெயிண்ட் எடுக்கிற தின்னரும் தேங்காய் நாரும் கொண்டுபோய் மூன்று வட்டத்தைத் தேய்த்து எடுத்தேன். நல்ல பெயிண்ட். முழங்கால் தேய்ந்துபோயிற்று.

வெளியே வந்தால் குழாயடியில் அந்த ஆள். "கையக் கழுவியாச்சா தங்கச்சி?"

விரலெல்லாம் மஞ்சள். பார்த்தார். சோப்பை நகர்த்தி வைத்தார்.


ஜனவரி 28, சனி

நான்கு வட்டம்.


பிப்ரவரி 3, வெள்ளி

பெண்கள் சங்கத்தில் உபவாச ஜெபம் ஏற்பாடு செய்தேன். பொருள்: 'சபையின் தடைகள் நீங்க.' தடை யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி ரூபி மதினியும் வந்து முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காதுபடவே, அகங்காரம் தலைகுனிய வேண்டும், உயர்ந்த இடத்திலிருந்து தள்ளப்பட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் ஜெபித்தேன். ரூபி மதினி கடைசியில் சத்தமாக ஆமென் சொன்னாள். யாருக்காக என்று புரியவில்லையோ என்னவோ.

வெறும் வயிற்றோடு இருந்ததில் மனசு தெளிவாக இருக்கிறது. அந்த மனிதர் எனக்குச் செய்தவற்றை விட்டுப்போகாமல் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரைக் கோயிலுக்குள் கொண்டுவர விடவில்லை. ஐந்து பேர், நீல அங்கி, பத்து நிமிஷம். ஒரு பாட்டுப் பாடவில்லை. பெட்டி மேல் மண் போடப் போன என்னைக் கம்பால் மறித்தார்.

அதற்குப் பின் அந்த ஜூனில் வந்து, "கைப்பிடி அரிசி நோட்டக் கொஞ்சம் குடு தங்கச்சி, பாத்துட்டுத் தாரேன்" என்று கேட்டார். துக்கத்தில் இருந்தேன், கொடுத்தேன். மறுநாள் திருப்பித் தந்தபோது ஏப்ரல் மாதத்தில் இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மருந்துத் தண்ணீர் தெளித்திருப்பார். இருபது வருஷம் ஒரு பொட்டுக் கறையில்லாமல் வைத்திருந்த நோட்டு. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கங்களில் என்ன இருந்திருக்கும், எல்லா வாரத்தையும் போல அரிசிதான். இருந்தாலும் என் நோட்டு.

போன வருஷம் கமிட்டியில், "இனிமே எப்ப அசனம் நடந்தாலும் துக்க வீட்டுப் பேர போதகர் ஐயர் ஒரு தாளில வச்சு வாசிக்கட்டும், நோட்டு வேண்டாம்" என்றாராம். என் கையிலிருந்து அதையும் பிடுங்கப் பார்த்தார்.

இவையெல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறேன், ஆண்டவரே.


பிப்ரவரி 19, ஞாயிறு

ஐயரைப் போய்ப் பார்த்தேன். புதிதாக வந்த சின்ன வயசுப் போதகர். இரண்டு பக்கமும் பகைக்கப் பயப்படுகிறார். "மார்ச் பன்னிரண்டு சபைக் கூட்டத்துல கை தூக்கச் சொல்லிப் பாப்போம்மா" என்றார். அது போதும்.


மார்ச் 4, சனி

இப்போதெல்லாம் அரிசி எடுக்கப் போகும்போதே வேலை நடக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் அசனக் குழம்பை ஞாபகப்படுத்துகிறேன்: ஆட்டுக்கறி, கத்தரிக்காய், அண்டாவின் அடியில் பிடித்ததைச் சுரண்டி வாங்க நடக்கும் அடிபிடி. அதற்குப் பின் கிளம்பும்போது வாசலில் நின்று, "வீடு வீடாப் போனது யாருன்னு யோசிச்சுப் பாருங்க" என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் நான் சொல்வதில்லை. மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். கீழத்தெருவில் அந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. "சானிட்டரி கையிலதான் வந்துச்சாம்லா மதினி" என்று எனக்கே சொன்னார்கள்.

"அப்படியா" என்றேன்.

மிளகாய் காயப்போட்டேன். வெயில் நல்லது.


மார்ச் 12, ஞாயிறு

எழுதி முடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கோயில் நிறைந்த கூட்டம். வட்டம் நாற்பதுதான் மிச்சம், அதையும் யாரும் மதிக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து புள்ளிவிவரம் வாசித்தார். முதியவர் எத்தனை, சர்க்கரை வியாதிக்காரர் எத்தனை, ஆஸ்பத்திரி எத்தனை மைல். "மூணு வருசம் பொறுத்தோம். நெலம தெளியட்டும். இன்னும் ஒரு வருசம்" என்றார். பின்னால் யாரோ, "அடுத்த வருசம் எங்க பேரையும் சேத்து வாசிப்பியளோ" என்றார். சிரிப்பு.

நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுந்து பேசி இதுவரை வழக்கமில்லை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள் என்று யார் சொன்னாலும் சொல்லட்டும்.

"அண்ணாச்சிட்ட ஒரு கேள்வி. நாங்க கூடுனா வரும்னு சொல்லுதியளே, 2021 ஏப்ரல்ல நாங்க யாரும் கூடலயே. அசனம் இல்ல, கல்யாணம் இல்ல. பெறகு எப்படி வந்துச்சு? அப்பம் வீடு வீடாப் போனது யாரு?"

அவர் மாஸ்க்குக்கு மேலே என்னைப் பார்த்தார். பதில் சொல்ல வாய் எடுத்த மாதிரி இருந்தது. மாஸ்க் ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. ரூபி மதினி, "சொல்லுங்களேன், சொல்லித் தொலையுங்களேன்" என்றாள். அவர் அவளைக் கையமர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

பதில் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

கை தூக்கினதில் அசனம் வேண்டும் எழுபத்தொன்று. வேண்டாம் ஆறு. அங்கேயே செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்கு மேலும் ஒன்று கேட்டார்: "துக்கப் பேர மட்டும் ஐயர் தாளப் பாத்து வாசிக்கட்டும்." லீதியாக்கா முன்னால் வந்து, "எம் புள்ள பேரு ஞானம் நோட்டுலதான் இருக்கு, அதுலருந்துதான் வாசிக்கணும். நீ போய் கையக் கழுவு" என்றாள். அண்ணாச்சி என்ற வார்த்தையை விட்டுவிட்டாள். அவரை யாரும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தள்ளப்பட்டார். ஸ்தோத்திரம்.


மார்ச் 13, திங்கள்

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக விடியும் வரை தூங்கினேன்.


ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். நானும் லீதியாக்காவும் கோயில் வாசலில் நின்று அவர் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நாங்கள் மட்டும் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போனார், எதிரில் ஒரு கை எழவில்லை.

அரிசி: இரண்டு கைப்பிடி. இன்னும் ஐந்து வாரம்தான், அப்புறம் ஒன்று.


ஏப்ரல் 22, சனி

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே, ஆறடி தள்ளி, சானிட்டரி. கையில் ஒரு தாள்.

"தங்கச்சி, பேரு ஒம்பதும் இதுல எழுதியிருக்கேன். தேதி, அரிசி நின்ன வாரம், எல்லாம் இருக்கு. நோட்டோட வச்சுக்க. இதப் பாத்து வாசிச்சிரு."

"என் நோட்டு இருக்கே."

"அது ஒட்டிக் கெடக்குலா. பிரிச்சா கிழிஞ்சிரும். பிரிக்காதம்மா."

கேட்டருகே போய்த் தாளை வாங்கினேன். அவர் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்தேன். "எதக் கெடுத்தியன்னு தெரிஞ்சிரும்னு பயம், என்ன?" என்றேன்.

குனிந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது, "ஜெயசிங் நல்ல மனுசன்" என்றார். அவிய பேரைச் சொல்ல அவருக்கு என்ன தகுதி.

பிரிக்கத்தான் போகிறேன்.


மே 6, சனி

அடுத்த சனி அசனம். காலையில் இட்லி எடுத்தபின் கொப்பரை ஆவியில் நோட்டைப் பிடித்தேன். மருந்துத் தண்ணீர் இல்லை. சோற்றுப் பசை. ஓரம் பார்த்து, பொறுமையாகத் தடவியிருக்கிறார். கிழியாமல் பிரிந்தது.

என் கையெழுத்து. 'ஏப்ரல் 17, 2021, சனி. தூத்துக்குடி கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து தொண்டைக் கட்டு, இருமல். அவிய வேண்டாம் என்றார்கள். வேதமாணிக்கம் அண்ணாச்சியும் வேண்டாம் என்றார். ஆனாலும் தவறவில்லை. ஸ்தோத்திரம்.' கீழே மேலத்தெருவிலிருந்து வரிசையாக வீடுகள், படிக் கணக்கு. உட்கார்ந்து ஜெபித்த வீட்டுக்கு நேரே எப்போதும் போடுகிற சிலுவைக் குறி. அன்றைக்குப் பதினொரு குறி.

பென்சிலில் அவர் எழுத்து, பொடியாக. லீதியாள் வீட்டுக்கு நேரே: ஸ்டான்லி, காய்ச்சல் ஏப்ரல் 21. இப்படி ஐந்து வீடு. ஐந்தும் குறி போட்ட வீடு. அரிசி மட்டும் வாங்கிப் போன முப்பத்திரண்டு வீட்டுக்கு நேரே பென்சில் இல்லை. கடைசியில் பக்கத்தின் அடியில்: ஜெயசிங், 19.

வரிசை சரி. தேதி சரி. படிக் கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், சரி.

ஊறப்போட்ட உளுந்தை ஆட்ட மறந்துவிட்டேன்.


மே 7, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். என்ன பிரசங்கம் என்று ஞாபகமில்லை.


மே 8, திங்கள்

அண்டா நான்கு, கரண்டி பன்னிரண்டு, ஜமுக்காளம் ஆறு. விறகு நாளை வரும். லீதியாக்கா வெங்காயம் உரிக்க வந்தாள். "உன் மூஞ்சி ஏம்ட்டி செத்துக் கெடக்கு? ஜெயிச்சவ மாதிரியா இருக்க?" என்றாள். வெங்காயம் என்றேன்.


மே 9, செவ்வாய்

அவிய போன நாள். கல்லறையில் பூ வைத்துவிட்டு நேராக வேதமாணிக்கம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நாற்காலியில் இருந்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். யார் சொல்லியும் இல்லை, நானாகவே ஆறடி தள்ளி.

"பிரிச்சுட்ட" என்றார்.

"ஏன் சொல்லல?"

"யார்ட்ட?"

"என்ட்ட. ஊர்ட்ட. அன்னைக்குச் சபையில கேட்டேன்லா, எல்லாருக்கும் முன்னால."

"தாலியறுத்துக் கெடந்த பொம்பளகிட்ட இதப் போய் நீட்டச் சொல்லுதியா?" செருப்பைக் காலால் தேடி மாட்டினார். "பென்சில அழிக்கத்தான் பாத்தேன். அழிச்சாலும் தடம் விழுந்திருக்கு. அதான் ஒட்டினேன்."

"அசனத்த நிறுத்துனது இதுக்குத்தானா?"

"கிருமிக்கும்தான்" என்றார்.

ரூபி மதினி தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடிக்க எனக்குக் கை வரவில்லை. அவர் எழுந்து கேட்டருகே வந்தார். "இங்க பாரு தங்கச்சி. எங்கருந்து வந்துச்சுன்னு யாரு கண்டா? அந்த வாரம் பால்காரனும்தான் வீடு வீடாப் போனான். ஒன் பைன்னு எப்படிச் சொல்ல முடியும்? விடு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்துவிட்டேன். வந்ததும் 2021 பால் கணக்கை எடுத்தேன். ஏப்ரல் 10 முதல் 25 வரை கோடு. பக்கத்தில் என் எழுத்து: 'பால்காரர் மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். பாக்கெட் பால்.'

இந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது இது ஒன்றுதான்.


மே 11, வியாழன்

கத்தரிக்காய் வந்தது. சொத்தை பொறுக்கினேன்.


மே 13, சனி

அசனம் நடந்தது.

விடியற்காலம் ஐயர் ஜெபித்து அடுப்பு மூட்டினார். முன்னூறு பேர் இருப்பார்கள். சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்திருந்தார்கள். நாலு வருஷத்துப் பேச்சை ஒரே நாளில் பேசினார்கள். பிளெசி வந்து, "பாத்தியாம்மா, நீ ஒரு ஆளா நின்னு நடத்திட்ட" என்றாள். இதற்குத்தான் ஆசைப்பட்டேன். அதை எழுதாமல் இருக்க முடியாது.

பதினொரு மணிக்கு மணி அடித்தது. நோட்டை எடுத்து நின்றேன். ஒன்பது பேரையும் வாசித்தேன். ஏப்ரல் பக்கத்தைப் புரட்டும்போது பென்சில் எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு நான் என் வீட்டுக்காரர் பேரைத் தடவுகிறேன் என்று பட்டிருக்கும். சில பெண்கள் அழுதார்கள்.

லீதியாக்கா ஸ்டான்லியின் சட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அவளுக்குத்தான் முதல் சோறு போட்டேன். "நீயும் உக்காரு ஞானம், ஒன் இலை காலியாக் கெடக்கு" என்று பக்கத்து இலையைத் தட்டினாள். பரிமாற ஆள் வேண்டுமே என்றேன். சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி மென்றாள். விழுங்கியபின், "இப்பத்தாம்ட்டி எம் புள்ள போனான்" என்றாள்.

என் இலை பந்தி முடியும்வரை அப்படியே கிடந்தது. பிளெசி கோபித்துக்கொண்டாள்.

கடைசிப் பந்தியில் வேதமாணிக்கம் அண்ணாச்சி வந்தார். வேப்பமரத்தடியில் ஓரமாக உட்கார்ந்தார். இந்தப் பக்கம் இருந்தவர்கள் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அந்தப் பக்கமும் நகர்ந்தார்கள். அவர் இத்தனை வருஷமாகக் கேட்ட ஆறடியைச் சபை இன்றைக்குத்தான் அவருக்குக் கொடுத்தது. யாரும் அவர் இலைக்கு வரவில்லை. நான் சோற்றுக் கூடையையும் கறி வாளியையும் தூக்கிக்கொண்டு போனேன்.

நிமிர்ந்து பார்த்தார். "கையக் கழுவியாச்சா தங்கச்சி?" பழைய குரல். கேலியும் இல்லை, கோபமும் இல்லை.

"கழுவிட்டேன் அண்ணாச்சி."

மாஸ்க்கைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மூன்று வருஷத்தில் அவர் முழு முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மிகவும் கிழவராகிவிட்டார். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அண்டா கழுவுகிற இடத்தில் லீதியாக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கொலகாரனுக்கு எதுக்குட்டி கறி அள்ளி வச்ச?" என்றாள்.


மே 17, புதன்

வேதமாணிக்கம் வீட்டுக் கேட்டில் யாரோ சாணித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வாசலில் கை கழுவ வைத்திருந்த குழாயையும் உடைத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும். ரூபி மதினி தனியாக நின்று கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் ஒரு வாளி எடுத்தேன். "நீ போ ஞானம், பாக்குதவிய ஒன்னயும் பேசுவாவ" என்றாள்.

அரிசி: இரண்டு கைப்பிடி.


மே 19, வெள்ளி

உபவாசம். எதற்கும் ஜெபிக்கவில்லை. பென்சில் எழுத்தின் மேல், அழிந்து போகாமல் இருக்கட்டும் என்று பேனாவால் எழுதினேன். ஆறு பேர். என் கோணல் எழுத்தில் அவர் எழுத்து.


மே 20, சனி

அரிசி எடுக்கப் போகவில்லை. நானாகத் தவறிய முதல் சனிக்கிழமை.

காலை ஒன்பதரைக்கு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு லீதியாக்கா வீட்டுக்குப் போனேன். மஞ்சள் பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள். ஆணியில் சட்டை இல்லை. வாசலிலேயே நின்றேன்.

"என்னட்டி, பையக் காணோம்?"

"யாருன்னு தெரிஞ்சா ஒங்க கையில ஒப்புக்குடுக்கேன்னு சொன்னேன்லாக்கா. இதுல இருக்கு." ஏப்ரல் பக்கத்தில் விரலை வைத்திருந்து, அப்படியே விரித்துக் கொடுத்தேன்.

"சானிட்டரி பேரா?"

"வாசிங்க."

அவள் கண்ணாடியைத் தேடி உள்ளே போனாள். நான் வந்துவிட்டேன்.

லீதியாக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஒவ்வொரு வீட்டின் பேரையும் வாய்விட்டுச் சொல்லி, விரலை நகர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். இரண்டு பக்கம். மத்தியானத்துக்குள் முடித்துவிடுவாள்.

கேட்டையும் கதவையும் திறந்து வைத்திருக்கிறேன். உலை கொதிக்கிறது. என் பங்கு அளந்து போட்டபின் அவளுக்கும் சேர்த்து உலையில் ஒரு கைப்பிடி போட்டேன்.